ஈரச் சுவரை நம்பாதீர்கள்

சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி, குற்றாலம், இலஞ்சி வட்டாரத்து வீடுகளிலும் விடுதிகளிலும் ஒரே புகார்தான்: குளியலறைச் சுவரைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு குளிப்பதும், அந்தச் சுவரைத் தொடாதே என்று பிள்ளைகளிடம் சொல்லிவைப்பதும்தான் பலர் செய்யும் பரிகாரம். செப்டம்பரில் சுவர் காய்ந்ததும் புகாரும் மறந்துபோகிறது. கசியும் வயர் மட்டும் சுவருக்குள் அப்படியே இருக்கிறது.

செங்கல்லும் சிமெண்டும் மின்சாரத்தைக் கடத்தாது என்பது காய்ந்த சுவருக்கு மட்டுமே பொருந்தும். சூளையில் முற்றிலும் உலர்த்திய கான்கிரீட்டின் மின்தடைத்திறன் ஏறத்தாழ நூறு கோடி ஓம்-மீட்டர். ஈரம் ஊறினால் அது நூறு ஓம்-மீட்டர் அளவுக்குச் சரிந்துவிடும். துளைகளில் நிறையும் நீர் சிமெண்டின் உப்புகளைக் கரைத்துக்கொண்டு மின்சாரத்துக்கு வழிவிடுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் அரிசோனாவில் ஹெர்பர்ட் உஃபர் என்ற பொறியாளர், வறண்ட மண்ணில் எர்த் சரியாக அமையாததால், அடித்தளக் கான்கிரீட்டில் பதித்த கம்பியையே எர்த்தாக்கினார். அந்த அளவுக்குக் கடத்தும் பொருளைத்தான் நாம் காப்பு என்று நம்புகிறோம்.

எம்சிபி இருக்கிறதே, விழுந்துவிடாதா என்று கேட்பார்கள். விழாது. சுவர் வழியே பாயும் பாதையின் தடை 10,000 ஓம் என்றால், 230 வோல்ட்டில் ஓடுவது 23 மில்லி ஆம்பியர். தசையை இறுக்கி, பிடித்த கையை விடமுடியாமல் செய்ய அதுவே போதும். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. கசிவைக் கண்டறிந்து இணைப்பைத் துண்டிப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. ஆனால் அதுவும் 23-க்கு விழும் என்று உறுதியில்லை. ஆகவே ஆர்சிசிபி மாட்டியாயிற்று என்று வயர்க் காப்பைச் சோதிப்பதைத் தவிர்க்கக் கூடாது. கசிவையே நீக்க வேண்டும்.

கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி, வயர்க் காப்பின் தடையை அளக்கும் மெகர். பேட்டரி மல்டிமீட்டர் இதற்கு உதவாது. அதன் சிறு மின்னழுத்தத்தில் பழுதான காப்பும் நல்லதாகத் தெரியும். அரசு உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரை அழையுங்கள். மெயினை அணைத்து, பல்புகளையும் பிளக்குகளையும் கழற்றி, சுவிட்சுகளை ஆன் நிலையில் விட்டு, லைனையும் நியூட்ரலையும் சேர்த்து எர்த்துக்கு எதிராக 500 வோல்ட் நேர்மின்னழுத்தத்தில் ஒரு நிமிடம் சோதிக்க வேண்டும். ஒரு மெகாஓமுக்குக் குறையக் கூடாது என்பது மத்திய மின்சார ஆணையத்தின் விதி. சோதனையை மழைக்காலத்தில் செய்யுங்கள். ஏப்ரல் வெயிலில் எடுத்த அளவு உங்களை ஏமாற்றும். மறுபடியும் சொல்கிறேன், சுவர் நனைந்திருக்கும்போது சோதியுங்கள். அளவுகளைத் தேதியுடன் எழுதி, ஒப்பந்ததாரரின் கையெழுத்தும் உரிம எண்ணும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாக 'எல்லாம் சரியாயிருக்கு' என்பது எந்த அலுவலகத்திலும் செல்லாது.

மெயினை அணைத்த பிறகும் கசிவு இருந்தால், பழுது மீட்டருக்கு முந்தைய சர்வீஸ் வயரில் இருக்கக்கூடும். அது மின்வாரியத்தின் பொறுப்பு. அதன் புகார் மையமான மின்னகத்தில் 94987 94987 என்ற எண்ணில் பதிவு செய்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு விடாமல், சர்வீஸ் எண்ணையும் ஷாக் அடித்த இடத்தையும் எழுதி, பிரிவு அலுவலகத்தில் உதவி மின்பொறியாளரிடம் மனுவின் நகலில் முத்திரையுடன் ஒப்புகை பெறுங்கள். மனுவை வாங்கி மேசையில் போட்டுவைக்கும் வழக்கத்துக்கு அந்த முத்திரைதான் பதில். ஒப்புகை தர மறுத்தால் அதே மனுவை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.