துடைக்கப்பட்ட திருநாள் நாடகம்

பொதுஜனங்களின் பணத்தைக் கொண்டு உண்டாக்கப்பட்ட ஒரு கலைப்பொருளை, அதைக் காக்கக் கடமைப்பட்டவர்களே அழித்துவிட்டால், அதை மீட்கும் பொறுப்பு யாரைச் சேர்ந்தது? பிரிட்டனில் இக்கேள்விக்கு ஜனங்களே விடையளித்திருக்கிறார்கள். அவர்கள் மகாநாடு கூட்டவில்லை, தீர்மானம் நிறைவேற்றவில்லை. தங்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, தங்கள் கையால் வேலை செய்து காட்டினார்கள்.

பி.பி.சி. ஸ்தாபனம் 1963ஆம் வருஷம் நவம்பர் 23ஆம் தேதி ‘டாக்டர் ஹூ’ என்ற டெலிவிஷன் தொடர் நாடகத்தை ஆரம்பித்தது. நீல நிறப் போலீஸ் பெட்டி ஒன்றில் ஏறிக் காலத்தையும் அண்டவெளியையும் கடந்து செல்லும் ஒரு முதியவரின் கதை அது. சனிக்கிழமை மாலைதோறும் சிறுவர் சிறுமியர் பெற்றோருடன் கூடியிருந்து அதைப் பார்த்தார்கள். 1965ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் பண்டிகை சனிக்கிழமையன்றே வந்தது. அப்போது, டாலெக்குகள் என்னும் கொடிய இயந்திர உருவினர் உலகங்களைக் கைப்பற்றச் சதி செய்யும் 12 பகுதிக் கதை ஒன்று நடந்துகொண்டிருந்தது. குழந்தைகளைப் பண்டிகை நாளிலும் பயமுறுத்தலாகாது என்றெண்ணியோ என்னவோ, அதன் 7ஆவது பகுதியைக் கேலிக்கூத்தாக அமைத்தார்கள். ‘ஸ்டீவனின் விருந்து’ என்பது அதன் பெயர். முதியவரும் அவருடைய தோழர்களும் முதலில் ஒரு போலீஸ் நிலையத்தில் அகப்பட்டுத் திண்டாடுகிறார்கள். பிறகு ஹாலிவுட்டில் பேசாப்படம் எடுக்கும் இடத்தில் புகுந்து, துரத்துவாரும் ஓடுவாருமாக அல்லோலகல்லோலம் விளைவிக்கிறார்கள். முடிவில் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் கோப்பையை உயர்த்தி, நாடகத்தை மறந்து, காமிராவை நோக்கித் திரும்பி, வீடுகளில் இருப்போர் அனைவருக்கும் பண்டிகை வாழ்த்துக் கூறினார்.

அந்த வாழ்த்தைப் பெற்ற குழந்தைகள் இன்று கிழவர்களாகவும் கிழவிகளாகவும் இருக்கிறார்கள். வாழ்த்தோ அழிந்துபோயிற்று! அதைப் பதிவு செய்திருந்த காந்த நாடாவைத் துடைத்துவிட்டார்கள்.

நெருப்பும் வெள்ளமும் செய்த காரியமன்று இது. கணக்குப் புத்தகம் செய்த காரியம். அந்நாளில் வீடியோ நாடா விலையுயர்ந்த பொருள். ஒன்றையே பல முறை துடைத்து உபயோகித்தார்கள். நடிகர் சங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள் பழைய நாடகங்களை மீண்டும் மீண்டும் ஒளிபரப்ப இடங்கொடுக்கவில்லை. கலர் டெலிவிஷன் வந்ததும் கறுப்பு வெள்ளைப் படங்களை வாங்குவாரில்லை என்று முடிவு கட்டினார்கள். வெளிநாடுகளில் விற்பதற்கென்று எடுத்த பிலிம் பிரதிகளும் எழுபதுகளில் குப்பையாகக் கழிக்கப்பட்டன. இக்கதையை வெளிநாட்டு விற்பனைக்கு வைத்தபோது பண்டிகைப் பகுதியை விலக்கியே வைத்தார்கள். மற்றப் பகுதிகளாவது கடல் கடந்து பிழைக்க வழியிருந்தது. நைஜீரியாவில் கிடந்த 9 பகுதிகள் மீட்கப்பட்டதாக 2013ஆம் வருஷம் அறிவித்தார்கள். பண்டிகைப் பகுதிக்கோ அந்த வழியும் அடைபட்டது.

ஆனால் பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. வீட்டில் வீடியோ யந்திரம் இல்லாத அக்காலத்தில், சில இளைஞர்கள் ஒலிப்பதிவுக் கருவியை டெலிவிஷன் பெட்டியருகே வைத்து, வாரந்தோறும் ஒலியை மட்டும் பிடித்து வைத்தார்கள். ஆயிரக்கணக்கான சம்பளக்காரர்கள் கொண்ட ஸ்தாபனம் காப்பாற்றாததை இந்தப் பிள்ளைகள் காப்பாற்றினார்கள். இழந்த பகுதிகள் ஒவ்வொன்றின் ஒலியும் இன்று நம்மிடம் இருப்பது அவர்களாலேயே. 2001ஆம் வருஷம் பி.பி.சி.யே இக்கதையின் ஒலியை இசைத்தட்டாக வெளியிட்டபோது, ரசிகர்களின் பதிவையே நாட வேண்டியிருந்தது. காவலாளி தொலைத்த நகையை வழிப்போக்கன் எடுத்துக் கொடுத்த கதைதான்!

ஒலியைக் கொண்டு திருப்தியடையாத அபிமானிகள் காட்சியையும் மீட்கத் துணிந்தார்கள். ‘லூஸ் கேனன்’ என்ற அபிமானிகள் குழு, கிடைத்த புகைப்படங்களை வரிசைப்படுத்தி, இல்லாதவற்றை வேறு படங்களிலிருந்து வெட்டி ஒட்டி, ஒலியோடு இணைத்து, இந்த 12 பகுதிக் கதையையும் மறு ஆக்கம் செய்தது. வெற்று நாடா அனுப்பியவர்களுக்கு ஆதாயம் கருதாமல் அதைப் பதிவு செய்தும் கொடுத்தார்கள். வேலை எளிதன்று. அக்காலத்தில் ஜான் க்யூரா என்பவர் டெலிவிஷன் திரையையே புகைப்படம் எடுத்து விற்று வந்தார்; வேறு பல கதைகளுக்கு அப்படங்கள் கைகொடுக்கின்றன; இக்கதைக்கு அவையும் இல்லை. அதிலும் பேசாப்படக் காட்சியை எண்ணிப் பாருங்கள். கண்ணால் காண்பதற்கென்றே அமைத்த வேடிக்கை, இன்று காதால் கேட்க மட்டுமே கிடைக்கிறது! யார் யாரைத் துரத்தினார், யார் எங்கே விழுந்தார் என்பதைச் சந்தடியைக் கொண்டு ஊகிக்க வேண்டியிருக்கிறது.

இதற்கும் மேலே ஒரு படி உண்டு. இக்கதைக்கு முன்னுரையாக 1965 அக்டோபர் 9ஆம் தேதி ஒளிபரப்பான தனிப்பகுதி ஒன்றும் அழிந்திருந்தது. பிரெஸ்டன் நகரிலுள்ள மத்திய லங்காஷயர் சர்வகலாசாலை மாணவர்கள் புதிய நடிகர்களைக் கொண்டு, பழைய பாணியிலேயே அரங்கமும் உடையும் அமைத்து, கறுப்பு வெள்ளையில் அதை மறுபடி நடித்தெடுத்தார்கள். 2019ஆம் வருஷம் அதே அக்டோபர் 9ஆம் தேதி உலகம் அதைக் கண்டது. பண்டிகைப் பகுதியையும் இம்முறையில் முழுமையாக எடுக்கலாம் என்பதே நமது அபிப்பிராயம்.

பிறர் சொத்தை நகல் எடுப்பது முறையா என்று சிலர் கேட்கலாம். விற்று லாபம் சம்பாதிப்பவனுக்கு அக்கேள்வி தகும். ஆனால் லைசென்ஸ் கட்டணம் செலுத்தி அந்நாடகத்தை நடத்தி வைத்தவர்கள் ஜனங்கள். சொந்தக்காரன் அழித்ததைக் கூலியின்றிக் கட்டித் தருபவனைத் திருடன் என்பது நியாயமாகுமா? இடிந்த ஊர்ப்பொதுக் குளத்துக்குக் கரை கட்டுபவனை யாரும் ஆக்கிரமிப்புக்காரன் என்பதில்லை.

எனினும் மறு ஆக்கம் செய்வோருக்கும் ஒரு தர்மம் உண்டு. எது பழையது, எது தாம் சேர்த்தது என்பதை அவர்கள் மறைக்கலாகாது. ஒலி சொல்லாத இடத்தில் தமது கற்பனையை மூலம் என்று பிரகடனம் செய்யலாகாது. இந்நாளில் யந்திரங்களே முகத்தையும் குரலையும் உண்டாக்கும் வல்லமை பெற்றுவிட்டன. ஆதலின் இக்கட்டுப்பாடு முன்னிலும் அவசியமாகிறது. ஹார்ட்னெல் 1975ஆம் வருஷம் காலமானார். அவர் காமிராவை நோக்கித் திரும்பிய கணத்தில் முகத்தில் தோன்றிய பாவம் எத்தகையது என்பதை எந்த யந்திரமும் அறியாது. அவ்விடத்தில் வேறொரு நடிகர் நேர்மையாக நின்று, அவர் சார்பில் வாழ்த்துக் கூறுவதே மரியாதை.

அபிமானிகளின் உழைப்பைப் புகழ்வதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. அவ்வுழைப்பு அவசியமானதே ஒரு வெட்கக்கேடு. இன்று குழந்தைகள் கண்டு களிக்கும் காட்சி நாளைக்கு என்ன விலை பெறும் என்பதைக் கணக்கன் அறியமாட்டான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை. பொதுப்பணத்தில் ஆக்கிய ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியையேனும் பத்திரப்படுத்தி வைப்பதைப் பொதுஸ்தாபனங்கள் சட்டமாகவே கொள்ள வேண்டும். அதுவரையில், ஒலியைப் பிடித்து வைத்த பிள்ளைகளும் படத்தை ஒட்டிச் சேர்த்த கைகளுமே நாட்டின் உண்மையான பொக்கிஷக் காவலர்கள்.