மனப்பாடமும் மண்சரிவும்

நிலச்சரிவு என்றால் என்ன? திருவண்ணாமலைப் பள்ளிப் பிள்ளையைக் கேளுங்கள், மூச்சுவிடாமல் வரையறை சொல்லும். எங்கே நிகழும்? இமயத்தில், நீலகிரியில்! இரண்டு மதிப்பெண் வந்துவிட்டது. சன்னலுக்கு வெளியே நிற்கிறதே ஒரு மலை, அது வினாத்தாளில் இல்லை.

2024 டிசம்பர் 1. முந்தைய இரவு புதுவையருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல் கொட்டித் தீர்த்தது. சரிவிலிருந்த மண் நீரைக் குடித்துக் குடித்துக் கனத்தது. பாறையைப் பற்றிய பிடி தளர்ந்தது. வ.உ.சி. நகரில் வீட்டின்மீது மண்ணும் பாறையும் சரிந்தன. மாண்டவர் எழுவர். அவருள் ஐவர் குழந்தைகள்!

மறுநாள் விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி வரை நீர் பாய்ந்தது. அணை எந்த ஆற்றில்? "தென்பெண்ணை" என்பான் மாணவன். திறந்தால் எந்த ஊரில் எப்போது வெள்ளம் புகும்? அதை யார் கேட்டார்!

அம்மாதம் 13-ஆம் நாள் கார்த்திகை தீபம். வல்லுநர் மலையைப் பார்த்தபின், பக்தர் ஏறத் தடை. மலையே சிவன் என்போரும் மண்ணின் பேச்சைக் கேட்டனர், மகிழ்கிறோம். பள்ளிக்கூடம் கேட்கலாகாதா?

தேர்வே வேண்டாம் என்று சொல்லவில்லை நாம். ஏழைப் பிள்ளைக்கு ஏணி அது. வினாவை மாற்றுங்கள் என்கிறோம். மாணவரை மலையடிவாரம் அழைத்துச் செல்லுங்கள். எந்த ஓடை அடைபட்டது, எந்தச் சரிவில் வீடு ஏறியது, வேறிடம் வாங்க வக்கின்றி அங்கே குடியேறியவர் யார் என்று கேட்டுப் படம் வரையட்டும். அந்தப் படத்துக்குக் கொடுங்கள், பத்து மதிப்பெண்!