கால் பரீட்சை லீவு விட்டாச்சு! பெரியதாழையில் பஸ் ஏறினால் 3 ஆயிரம் வருஷம் பார்க்கலாம்!

அம்மன் வேஷம், சவேரியார் குகை, தாழிக்காடு... பிள்ளைகளோடு ஒரு சுற்று

பெரியதாழை, செப்.

கடைசிப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டுக்கு வந்தாச்சு. புத்தகப்பை மூலைக்குப் போயாச்சு. இனி காலை முதல் ராத்திரி வரை ஒரே கேள்விதான்:

"எப்பா, லீவுக்கு எங்க கூட்டிட்டுப் போவீங்க?"

அப்பாவின் கை சட்டைப்பையைத் தடவும். மாதக் கடைசி! கொடைக்கானல், ஊட்டி எல்லாம் நினைத்தாலே தலை சுற்றும். "அடுத்த லீவுக்குப் பார்க்கலாம்" என்று சொல்லித் தப்பிக்கிற அப்பாமார்களே, கொஞ்சம் நில்லுங்கள். டவுன் பஸ் டிக்கெட் காசும், ஒரு தூக்குவாளி புளிச்சோறும் போதும். சுற்றிப் பார்க்க வேண்டியதெல்லாம் நம்ம காலடியிலேயே இருக்கிறது.

சாத்தான்குளம் தாலுகா கடற்கரை ஊரான பெரியதாழையை மையமாக வைத்து நமது நிருபர் ஒரு சுற்று வந்தார். மீனும் வலையும், கடல் அரிப்புமாகப் பேர் வாங்கிய இந்தக் கரையைச் சுற்றித்தான் எத்தனை சரித்திரம்!

மணி அடித்த சாமியார்

முதல் ஊர் மணப்பாடு. பெரியதாழையில் இருந்து கடற்கரைச் சாலையில் அரை மணி நேரம் கூட ஆகாது. கடலுக்குள் மூக்கை நீட்டிய மாதிரி ஒரு மணல் குன்று. அதன் உச்சியில் திருச்சிலுவை ஆலயம்.

1540-ல் புயலில் சிக்கிய ஒரு போர்த்துக்கீசிய கப்பலின் கேப்டன், தப்பிப் பிழைத்தால் பாய்மரக் கட்டையிலேயே சிலுவை செய்து நடுகிறேன் என்று நேர்ந்துகொண்டாராம். கரை சேர்ந்ததும் நட்டது இந்தக் குன்றில்தான் என்கிறது ஊர் வரலாறு. ஆலயம் எழுந்தது 1581-ல். ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் 1-ந்தேதி தொடங்கி 14-ந்தேதி வரை திருவிழா. மத வித்தியாசம் இல்லாமல் ஜனங்கள் குவிவார்கள்.

திருவிழாவைத் தவற விட்டவர்களுக்கும் நஷ்டம் இல்லை. சொல்லப்போனால் கூட்டம் கலைந்த பிறகு போவதுதான் பிள்ளைகளுக்கு நல்லது. குன்றின் கடல் பக்கம் ஒரு குகை இருக்கிறது. 1542-ல் புனித சவேரியார் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்தபோது தங்கிய குகை. அப்போது அவருக்கு வயது 36. கையில் ஒரு மணியை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக அடித்து, பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் மொழிபெயர்த்த செபங்களை மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்தாராம். வெள்ளைக்காரச் சாமியார் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசியதைக் கேட்டு அந்தக் காலத்துச் சிறுவர்கள் சிரிக்காமலா இருந்திருப்பார்கள்?

குகைக்குள் ஒரு சின்னக் கிணறு. அடுத்த பக்கம் உப்புக்கடல் அலை மோதுகிறது. கிணற்றுத் தண்ணீரோ உப்புக் கரிக்காது! பிள்ளைகளை வாயில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நூறு பாடம் நடத்தினாலும் அந்த முகத்தில் வருகிற ஆச்சரியம் வராது.

திரும்பும்போது மணப்பாட்டு பெண்கள் பனை ஓலையில் முடைகிற பெட்டியில் ஒன்று வாங்கி வாருங்கள்.

குலசையில் ஜே ஜே!

அடுத்தது குலசேகரன்பட்டினம். தசரா என்றால் மைசூர், அதற்கு அடுத்தபடி குலசை என்பது தெற்கத்திச் சீமையில் எல்லோரும் சொல்கிற பேச்சு. முத்தாரம்மன் ஞானமூர்த்தீஸ்வரரோடு ஒரே பீடத்தில் அமர்ந்திருக்கும் கோவில். மாளய அமாவாசை கழிந்ததும் கொடி ஏறும். அதோடு நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் ஒரு ஊர் பாக்கி இருக்காது. காளி, குரங்கு, குறவன், குறத்தி, ராஜா, போலீஸ்காரர் என்று வேஷம் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

இது சும்மா மாறுவேஷப் போட்டி இல்லை. அத்தனையும் நேர்த்திக்கடன். காளி வேஷம் போடுகிறவர் பல வாரம் விரதம் இருந்து, காப்புக் கட்டி, வீடு வீடாகப் போய் காணிக்கை வாங்கி, அதைக் கோவில் உண்டியலில் போடுவார். பங்களாக்காரராக இருந்தாலும் அந்த நாளில் பிச்சைத் தட்டு ஏந்தித்தான் ஆக வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் சொல்லி அழைத்துப் போங்கள். இல்லாவிட்டால் "ஏய், குரங்குடா!" என்று சிரித்துவிட்டு வந்துவிடுவார்கள்.

பத்தாம் நாள் நள்ளிரவில் கடற்கரையில் சூரசம்ஹாரம். மகிஷாசூரன் யானை முகம், சிங்க முகம், எருமை முகம் என்று தலையை மாற்றி மாற்றி வருவான். அம்மன் சூலத்தால் குத்தி வீழ்த்துவாள். கடற்கரையில் மண் தெரியாது, தலைதான் தெரியும். கொரோனா காலத்தில்தான் பக்தர்கள் கூட்டம் இல்லாமல் சம்ஹாரம் நடந்தது.

இங்கேதான் நமது நிருபர் தன் தொழிலைக் காட்ட வேண்டியிருக்கிறது.

கூட்டத்தில் கை வைக்கிறவன் வேஷம் போட்டுக்கொண்டு வர மாட்டான். நம்மைப் போலவே வேட்டி சட்டையில், நெற்றியில் குங்குமத்தோடு, பக்கத்திலேயே நிற்பான். எல்லோரும் அம்மனைப் பார்க்கும்போது அவன் கழுத்துகளைப் பார்ப்பான். தாய்மார்களே, தாலிச் செயினைப் புடவைத் தலைப்புக்குள் விட்டு ஊக்கு போட்டுக்கொள்ளுங்கள். கைப்பிள்ளைக்கு அரைஞாண், கொலுசு எதுவும் வேண்டாம்.

பிள்ளை காணாமல் போவதுதான் பெரிய ஆபத்து. ஒரு சீட்டில் ஊர்ப் பெயரும் போன் நம்பரும் எழுதி டவுசர் பையில் போட்டு ஊக்கால் குத்திவிடுங்கள். "தவறினால் இந்த இடத்துக்கு வந்து நில்லு" என்று ஒரு அடையாளத்தை முதலிலேயே காட்டிவிடுங்கள். அசையாத அடையாளமாக இருக்கட்டும். பலூன்காரரை அடையாளம் வைத்தால் அவர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்! பாலகர்கள் இருக்கும் குடும்பம் பத்தாம் நாள் ராத்திரியை விட்டுவிட்டு, நடுவில் ஒரு நாள் பகலில் போய் தரிசனம் செய்துவிட்டு வருவது உத்தமம். கடலில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரும்பில் செய்த வேல், சூலம் கொண்டு வரக்கூடாது, சாதி அடையாளக் கொடி, ரிப்பன் கூடாது என்று போலீசார் வருஷா வருஷம் கட்டுப்பாடு போடுகிறார்கள். வேஷம் போடுகிறவர்கள் அட்டையிலும் மரத்திலும் செய்துகொள்வது நல்லது.

லோன் துரை கொலை வழக்கு

தசராவுக்கு வருகிற லட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? 1942 செப்டம்பரில் இதே குலசையில் ஒரு கொலை நடந்து, நாடே திரும்பிப் பார்த்தது. "வெள்ளையனே வெளியேறு" போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்த நேரம். இங்குள்ள உப்பளத்துக்குள் புகுந்த போராட்டக்காரர்களுக்கும், உப்பு இலாகா வெள்ளைக்கார அதிகாரி லோன் துரைக்கும் மோதல். லோன் துரை கொல்லப்பட்டார். குலசேகரன்பட்டினம் சதி வழக்கு என்று கோர்ட்டு ஏறியது. காசிராஜன், ராஜகோபாலன் என்ற இரண்டு வாலிபர்களுக்குத் தூக்குத் தண்டனை! பிறகு தண்டனை குறைக்கப்பட்டு உயிர் தப்பினார்கள். ராஜகோபாலனுக்கு "தூக்குமேடை" என்ற அடைமொழியே ஒட்டிக்கொண்டது.

பஜாரில் பஜ்ஜி தின்றுகொண்டே இந்தக் கதையைப் பெரிய பையனிடம் சொல்லலாம். அதே ஊரில்தான் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அவன் கண் விரியும்.

அந்தத் தங்கம் எங்கே?

ஒரு நாள் முழுவதையும் ஒதுக்க வேண்டிய இடம் ஆதிச்சநல்லூர். திருச்செந்தூர் போய், அங்கிருந்து நெல்லை பஸ் ஏறினால் ஸ்ரீவைகுண்டம் தாண்டி ரோட்டோரத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். காலையிலேயே போய்விடுங்கள். பொட்டல் காடு, நிழல் கிடையாது. குடையும் தண்ணீர் பாட்டிலும் அவசியம்.

பார்ப்பதற்கு வெறும் பறம்புதான். செம்மண்ணும் சரளைக் கல்லும். ஆனால் 114 ஏக்கர் பரப்பில் நம் முன்னோர்களைத் தாழிக்குள் வைத்துப் புதைத்த இடுகாடு இது. 1876-ல் ஜெர்மனியில் இருந்து வந்த ஜாகோர் என்பவர்தான் முதலில் தோண்டினார். கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டு போய்விட்டார். பிறகு அலெக்சாண்டர் ரீ என்ற வெள்ளைக்கார அதிகாரி 1899-ல் தொடங்கி சில வருஷங்கள் தோண்டினார். நெற்றியில் கட்டும் தங்கப் பட்டம், வெண்கலத்தில் நாய், கோழி, எருமை, இரும்பு வாள், ஈட்டி என்று ஆயிரக்கணக்கில் அள்ளினார். அவை சென்னை எழும்பூர் மியூசியத்துக்குப் போயின.

அப்புறம் நூறு வருஷம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2004-ல் மத்திய தொல்லியல் துறை மறுபடி மண்வெட்டி எடுத்தது. 150-க்கும் மேற்பட்ட தாழிகள் வெளியே வந்தன. வயது என்ன என்று பார்க்க அனுப்பிய மாதிரிகளின் முடிவு தெரிய 2019 ஆயிற்று! ஒன்று கி.மு. 905, இன்னொன்று கி.மு. 696. பக்கத்து ஊர் சிவகளையில் கிடைத்த இரும்பு கி.மு. 3345-ஐச் சேர்ந்தது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது தனிப் பரபரப்பு.

2023 ஆகஸ்டில் ஆதிச்சநல்லூரில் தோண்டிய குழிகளின் மேலேயே கண்ணாடி போட்டு மியூசியமாகத் திறந்தார்கள். கண்ணாடி மேல் நின்று குனிந்து பார்த்தால் காலுக்குக் கீழே தாழிகள், தோண்டியபோது இருந்த இடத்திலேயே! சின்னப் பிள்ளைகள் முதலில் கால் வைக்கப் பயப்படும். அப்புறம் கிளம்ப மனசு வராது.

ஒன்று மட்டும் நிச்சயம். புத்திசாலிப் பிள்ளையாக இருந்தால், "அந்தத் தங்கப் பட்டம் எங்கப்பா?" என்று கேட்கும். என்ன பதில் சொல்வது? ஒரு பங்கு பெர்லினில். ஒரு பங்கு எழும்பூரில். தமிழக அரசு தோண்டி எடுத்ததைப் பார்க்க நெல்லை ரெட்டியார்பட்டியில் கட்டிய பொருநை அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். விளைந்த காட்டில் குழி மிச்சம், விளைச்சல் எல்லாம் வெளியூரில்! அதே 2023-ல் இங்கே பெரிய மியூசியம் கட்ட அடிக்கல் நாட்டினார்கள். அது முழுதாக எழும்பி, எழும்பூரில் இருக்கிறது கொஞ்சமாவது வீடு திரும்பினால்தான் அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பதில்.

இங்கே போகிறவர்கள் மழைக்கு முந்தி போய் வாருங்கள். 2023 டிசம்பர் 17, 18-ல் கொட்டிய மழையில் ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ரெயிலே பயணிகளோடு வெள்ளத்தில் மாட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. அதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

நேரம் இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு. பெரியதாழைக்கு மேற்கே திசையன்விளை பக்கம் இடையன்குடி. 1841-ல் வந்து, தமிழ் உள்ளிட்ட திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் வாழ்ந்த வீடு அரசு நினைவு இல்லமாக இருக்கிறது. அவர் கட்டிய சர்ச்சும் அங்கேயே. வடக்கே போகிறவர்களுக்குப் பாஞ்சாலங்குறிச்சியில் 1974-ல் அரசு கட்டிய கட்டபொம்மன் நினைவுக் கோட்டை. கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கில் போட்டது 1799 அக்டோபர் 16. அந்தத் தேதிக்குப் போனால் பிள்ளைகளுக்கு மனசில் நிற்கும்.

பஸ்சே ஏறாமல் ஒரு மியூசியம்

கடைசியாக ஒன்று. இதற்கு டிக்கெட்டும் வேண்டாம், புளிச்சோறும் வேண்டாம்.

இந்தக் கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். மார்க்கோ போலோ காலத்தில் இருந்து உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். ஆனால் நம் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதோடு சரி. 1973-ல் தூத்துக்குடியில் விஞ்ஞானிகள் சிப்பியை வளர்த்து முத்து எடுத்துக் காட்டினார்கள், அது வேறு கதை.

காலில் கல்லைக் கட்டி இறங்கி, மூச்சை அடக்கிக்கொண்டு சிப்பியை அள்ளி, கயிற்றை ஆட்டினால் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். உயிரே அந்தக் கயிற்றில். அதனால் கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள் என்று இந்தக் கரையில் சொல்வது உண்டு. தங்கச்சி தாலி அறுக்க அண்ணன் சம்மதிக்க மாட்டான் அல்லவா? எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்குதான் குளித்தவருக்கு. மற்ற இரண்டு பங்கு சர்க்காருக்கு.

1961-ல் 20 வயது வாலிபராகக் கடலில் குதித்தவருக்கு இன்றைக்கு 80 தாண்டியிருக்கும். அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்கள் சொல்கிற கடல் வார்த்தைகளைக் கண்ணாடி போட்டு மூடி வைக்க முடியாது.

கடற்கரை ஊர்களில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வலை சீர் பார்க்கிற இடத்துக்குப் போனால் அப்படி யாராவது ஒரு தாத்தா உட்கார்ந்திருப்பார். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு, பிள்ளையின் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து அழைத்துப் போங்கள். "தாத்தா, நீங்க முத்துக் குளிச்சிருக்கீங்களா?" என்று பிள்ளையே கேட்கட்டும்.