எக்லி: கம்பெனி கட்டிய கரி ஊர்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹேசல்டன் நகருக்கு அருகில் உள்ள எக்லி, சுரங்கக் கம்பெனி ஒன்று தன் தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஊர். இன்று அது திறந்தவெளி அருங்காட்சியகம். அங்கே தோண்டப்பட்டது ஆந்த்ரசைட்; புகை அதிகம் எழுப்பாமல் நின்று எரியும் கெட்டியான நிலக்கரி.

காட்டு மரத்தில் கூரைச் சில்லுகள் செதுக்கிப் பிழைத்தவர்கள் முன்பு அங்கே வாழ்ந்தனர். 1854இல் ஷார்ப், லைசென்ரிங் கம்பெனி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சுரங்கத்தோடு வீடுகளையும் கட்டியது. குடியிருந்த வீடு, சாமான் வாங்கிய கடை எல்லாம் கம்பெனியுடையவை. இத்தகைய ஊர்களில் வேலை போனால் வீடும் போய்விடும். அதனால் கூலி உயர்வு கேட்பதற்கே குடும்பத்தைத் தெருவில் நிறுத்தும் துணிச்சல் வேண்டியிருந்தது.

எக்லியின் ஒரே பெரிய தெருவே தொழிலாளர் அந்தஸ்தைச் சொல்லிவிடும். ஒரு கோடியில், நடுச்சுவரின் இருபுறமும் ஒவ்வொரு குடும்பம் வாழ்ந்த சிவப்பு மர வீடுகள். மறுகோடியை நெருங்க நெருங்க மேஸ்திரிகளுக்கும் அதிகாரிகளுக்கும் வீடுகள் பெரிதாகின்றன. முதலில் ஆங்கிலேயரும் வெல்ஷ்காரரும் ஐரிஷ்காரரும் ஜெர்மானியரும் வந்தனர். பின்னர் கிழக்கு ஐரோப்பியர் வந்தனர். ஐரிஷ் கத்தோலிக்கருக்காக 1861இல் எழுந்த தேவாலயம் இன்னும் நிற்கிறது.

இப்பகுதிச் சுரங்கங்களின் மையம் 'பிரேக்கர்' என்ற உயரமான கட்டடம். கரியை அதன் உச்சிக்கு ஏற்றி, உருளைகளில் உடைத்து, சல்லடைகளில் அளவுவாரியாகப் பிரித்துக் கீழே சரியவிடுவார்கள். சரிவுகளின் மேல் குனிந்து உட்கார்ந்த சிறுவர்கள், ஓடும் கரியிலிருந்து கல்லை வெறும் கையால் பொறுக்கினர். பென்சில்வேனியா 1885இல் இவ்வேலைக்குக் குறைந்தபட்ச வயது 12 என்று சட்டம் இயற்றியது. வயதைக் கூட்டிச் சொல்லி அதைவிடச் சிறியவர்களையும் அனுப்பினார்கள். தொழில் வரலாற்றின் கொடிய பக்கங்களில் இது ஒன்று.

பின்னாளில் எண்ணெயும் எரிவாயுவும் ஆந்த்ரசைட்டின் சந்தையைப் பறித்தன. ஆழச் சுரங்கங்களுக்குப் பதில் நிலத்தை மேலிருந்தே வெட்டும் முறை வந்ததால் ஆட்களும் குறைந்தனர். ஊர் அழியவேண்டிய நேரத்தில், ஐரிஷ் சுரங்கத் தொழிலாளரின் ரகசியக் கிளர்ச்சியைப் பற்றிய 'தி மாலி மக்வயர்ஸ்' திரைப்படத்துக்காக, 1968இல் பாரமவுண்ட் நிறுவனம் அங்கே படப்பிடிப்பு நடத்தியது. ஷான் கானரி நடித்த அப்படம் 1970இல் வெளிவந்தது. படத்துக்காகப் பழைய தோற்றத்துக்கு மீட்கப்பட்ட ஊர், 1971இல் மாநில அரசின் கைக்கு வந்தது. அருங்காட்சியகத்தில் இன்று காணும் பிரேக்கர் அப்படத்துக்காகக் கட்டிய மர அரங்குதான். அதில் கரி உடைபட்டதே இல்லை. வீடுகளோ உண்மையானவை.