டெக்வேர் பேன்ட் வாங்கப் போறீங்களா? போனை பாக்கெட்டில் போட்டு, குத்தவைத்துப் பாருங்க!

காலை நேரத்துக் கொடுமுடி ரயில் நிலையம். சுமார் 40 கி.மீ. தள்ளி இருக்கும் ஈரோட்டுக்கு வேலைக்குக் கிளம்பும் கூட்டம். ஆண்கள் போனை பேன்ட் பாக்கெட்டில் போட்டுவிட்டு, கம்பியைப் பிடித்து ஏறிவிடுகிறார்கள். பெண்கள் பலருக்கு ஒரு கையில் போன், தோளில் பை. கம்பிக்கு மிச்சம் ஒரே கை. லெக்கின்ஸில் பாக்கெட்டே இருக்காது. ஜீன்ஸில் இருப்பதும் பேருக்குத்தான்.

இது வெறும் புலம்பல் இல்லை. 2018-ல் 'தி புட்டிங்' என்ற இணைய இதழ், அமெரிக்காவில் விற்கும் 20 பிராண்டுகளின் ஜீன்ஸை அளந்து பார்த்தது. பெண்கள் ஜீன்ஸின் முன் பாக்கெட், ஆண்களுடையதைவிட சராசரியாக 48% ஆழம் குறைவு, அகலம் 6.5% குறைவு.

டெக்வேர் பேன்ட் பக்கம் பெண்கள் திரும்பிப் பார்க்க இதுவே போதுமான காரணம். ஆனால் ஆன்லைனில் பார்க்கிற எல்லாம் நம்ம ஊருக்கு ஒத்துவருமா?

டெக்வேர் என்றால் என்ன?

அழகுக்கு முன்னால் வேலையை யோசித்துத் தைத்த உடை. தொடைப் பக்கம் பெரிய பாக்கெட் வைக்கும் வழக்கம் 1930-களின் இறுதியில் பிரிட்டிஷ் ராணுவச் சீருடையில் வந்தது. கிழிசல் பரவாத 'ரிப்ஸ்டாப்' துணி இரண்டாம் உலகப் போர் பாராசூட்டுகளில் இருந்து வந்தது. இவற்றையெல்லாம் நகரத்து உடைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானது, 1994-ல் ஜெர்மனியில் தொடங்கிய அக்ரோனிம் நிறுவனம்.

யோசித்தால் நமக்கும் இது புதுசு இல்லை. கரும்புக் காட்டிலும் மஞ்சள் காட்டிலும் வேலை செய்யும் பெண்கள், சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். வெயில் படாது, சோகை அறுக்காது, போன் வைக்க பாக்கெட்டும் ஆச்சு. டெக்வேரின் கணக்கும் இதேதான்.

துணி: வெயிலுக்குத்தான் முதல் மார்க்

கோர்டெக்ஸ் போன்ற நீர்புகா சவ்வு வைத்த பேன்ட் விலை அதிகம். இங்கே அது தேவையும் இல்லை. உள்ளே இருக்கும் வியர்வை ஆவி, வெளியே காற்று உலர்வாகவும் குளிராகவும் இருந்தால்தான் வேகமாக வெளியேறும். வெளியே புழுக்கம் என்றால் அந்த வித்தியாசம் குறைந்து, கால் வெந்துபோகும். கோடையில் 40 டிகிரியைத் தொடும் ஈரோடு மாவட்டத்துக்கு மெல்லிய, சீக்கிரம் காயும் துணியே போதும். மழைக்கு வண்டியில் ஒரு ரெயின்கோட் இருந்தால் சரி.

லேபிளில் ஜிஎஸ்எம் பாருங்க. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதே அது. 130 முதல் 180 வரை நம்ம கோடைக்கு ஏற்றது. நைலான் அல்லது பருத்தி கலந்த துணியில் 3–5% ஸ்பாண்டெக்ஸ் இருந்தால் உட்கார்ந்து எழுவது சுலபம். முழு பாலியஸ்டரில் வியர்வை வாடை தங்கும்.

பக்கத்துத் திருப்பூரில் கிடைக்கும் ஜாகர்ஸ் பெரும்பாலும் பின்னல் துணி. சொகுசாக இருக்கும்; ஆனால் கனமான போனைப் போட்டால் பாக்கெட் தொங்கிவிடும். டெக்வேருக்கு நெய்த துணியே கைகொடுக்கும்.

'தண்ணீர் ஒட்டாது' என்று போட்டிருந்தால், 'பிஎஃப்ஏஎஸ் இல்லாதது' என்ற குறிப்பும் இருக்கிறதா எனப் பாருங்க. எளிதில் சிதையாத இந்த வேதிப்பொருள் குடும்பத்தை, புதிய ஆடைகளில் 2025 ஜனவரி முதல் கலிஃபோர்னியா தடை செய்துள்ளது.

கடையிலேயே 4 சோதனை

1. போனை பாக்கெட்டில் போட்டு நடங்க. தொடையில் இடித்தால் வேண்டாம்.

2. குத்தவையுங்க. இடுப்பு பின்னால் இறங்கக் கூடாது, முட்டி இறுக்கக் கூடாது. கவட்டையில் வைரவடிவத் துண்டு வைத்துத் தைத்திருந்தால் கால் தாராளமாக விரியும்.

3. ரயில் படி ஏறுவது போல ஒரு காலைத் தூக்குங்க.

4. ஜிப்பை ஒரு கையால் பத்து முறை இழுத்துப் பாருங்க.

தொங்கும் பட்டைகள் போட்டோவுக்கு அழகு. ஸ்கூட்டரில் போகிறவர்களுக்கு ஆபத்து. சக்கரத்தில் துப்பட்டா மாட்டுவதைப் போல இதுவும் மாட்டும். கழற்றி வைக்க முடிந்தால் மட்டும் வாங்குங்க. கணுக்காலில் இறுக்கிக்கொள்ளும் கயிறு இருந்தால் நல்லது.

எதோடு போடலாம்?

மேலிருந்து கீழ்வரை கறுப்பு என்பது குளிர்நாட்டு ஸ்டைல். கறுப்பு வெயிலை உறிஞ்சும். ஆலிவ், சாம்பல், காக்கி தேர்ந்தெடுங்க.

பேன்ட் லூஸாக இருந்தால் மேலே அளவான டி-ஷர்ட் அல்லது இடுப்பளவு கைத்தறிக் காட்டன் சட்டை. அலுவலகத்துக்கு, பக்கவாட்டில் வெட்டு வைத்த குட்டை குர்தி: பாக்கெட்டுக்குக் கை போகும், வீட்டிலும் கேள்வி வராது. முழங்காலுக்குக் கீழே வரும் குர்தி போட்டால் பாக்கெட் மறைந்து, பேன்ட் வாங்கியதே வீண்.

துவைப்பது எப்படி?

குளிர்ந்த நீர், கொஞ்சம் சோப்பு. கம்ஃபர்ட் போன்ற மென்மையாக்கிகள் வேண்டாம். வியர்வையை உறிஞ்சும் தன்மை போய்விடும். லேபிளில் இஸ்திரிப் பெட்டிக்குள் ஒரு புள்ளி இருந்தால் 110 டிகிரிக்கு மேல் சூடு கூடாது.

பிடித்த பேன்ட் கிடைத்து, பாக்கெட் மட்டும் சரியில்லையா? பக்கத்து டெய்லரிடம் கொடுத்தால் பக்கத் தையலில் ஜிப் வைத்து ஆழமாகத் தைத்துக் கொடுப்பார். நம்ம அப்பத்தாக்கள் இடுப்பில் சுருக்குப்பையைச் செருகிக்கொண்டு இரண்டு கையையும் வீசி நடந்தவர்கள். பேத்திகள் கேட்பதும் அவ்வளவுதான்: கம்பியைப் பிடிக்க இரண்டு கையும் காலியாக இருக்கணும்.