அரிசி உணவுக்குள் மறைந்திருக்கும் கோதுமை: பயணத்தின்போதும் வெளியிலும் உண்போர் கவனத்துக்கு

ஆடி, ஆவணி மாதங்கள் வந்துவிட்டால் கனடாவிலிருந்தும் ஐரோப்பிய நாடுகளிலிருந்தும் எமது உறவுகள் தாயகம் நோக்கி வருவது வழமையாகிவிட்டது. நல்லூர்த் திருவிழா, மடுத் திருத்தலப் பெருவிழா, உறவினர் வீட்டுத் திருமணங்கள் என்று அவர்களின் விடுமுறை நாட்கள் கழிகின்றன. அவ்வாறு வரும் குடும்பங்களிற் சிலவற்றில், "பிள்ளைக்குக் கோதுமை ஆகாது, வைத்தியர் முற்றாக நிறுத்தச் சொல்லிவிட்டார்" என்று பெற்றோர் கூறுவதை இப்பொழுது கேட்கக்கூடியதாக உள்ளது. கேட்கும் அம்மம்மாவுக்கோ அது ஒரு பெரிய விடயமாகத் தோன்றுவதில்லை. பாணைத் தவிர்த்தால் போயிற்று, எமது ஊரில் சோறும் இடியப்பமும் பிட்டும் இருக்கின்றனவே என்று அவர் எண்ணுகின்றார். கடையில் வாங்கிய இடியப்பத்தை உண்ட பிள்ளை மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடும்போதுதான், அந்த இடியப்பம் எந்த மாவினால் ஆனது என்ற கேள்வி எழுகின்றது.

இந்நோயைச் சீலியாக் நோய் என்று வைத்தியர்கள் அழைக்கின்றனர். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் எனப்படும் பசைத்தன்மை கொண்ட புரதம் உண்டு. ரொட்டி மாவை இழுக்கும்போது அறுந்துவிடாமல் நீளச் செய்வது இதுவேயாகும். மரபுவழியாக இந்நோய்க்கான தன்மையைக் கொண்டவர்களின் உடல் இப்புரதத்தைக் கண்டதும் தன் சிறுகுடலின் உட்சுவரையே தாக்கத் தொடங்குகின்றது. உணவை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற முளைகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. வயிற்றோட்டம், வயிறூதல், தீராத இரத்தச்சோகை, பிள்ளைகளிற் குன்றிய வளர்ச்சி, பெரியவர்களில் எலும்புத் தேய்வு என்று இதன் வெளிப்பாடுகள் பலவாகும். இதற்கு மருந்து கிடையாது. குளூட்டன் உள்ள உணவை வாழ்நாள் முழுவதும் தவிர்ப்பது ஒன்றே வழியாகும்.

கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த குழந்தை வைத்தியரான வில்லெம் கரெல் டிக்கே ஆவார். 1930 களிலேயே அவருக்கு இதுபற்றிய சந்தேகம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டமான 1944-45 குளிர்காலத்தில் அந்நாட்டில் கடும் பஞ்சம் நிலவி, ரொட்டி கிடைக்காமற் போனது. ஏனையோர் பட்டினியால் வாடிய அந்நாட்களில் இந்நோயுற்ற பிள்ளைகள் தேறினர். மீண்டும் ரொட்டி கிடைத்ததும் அவர்கள் நோயில் வீழ்ந்தனர். 1950 ஆம் ஆண்டில் தமது ஆய்வேட்டின் வாயிலாக டிக்கே இதனை விளக்கினார்.

உலக மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இந்நோய் உள்ளதாகக் கணிக்கப்படுகின்றது. எனினும் இது எல்லா இடங்களிலும் ஒரே அளவினதன்று. 2016 ஆம் ஆண்டில் வெளியான இந்திய ஆய்வொன்றில், இந்நோயைக் காட்டும் பிறபொருளெதிரிகள் கோதுமை உண்ணும் வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று அதிகமானோரிடமும், அரிசி உண்ணும் தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு ஒருவர் அளவிலும் காணப்பட்டன. எமது பகுதிகளில் இந்நோய் அதிகம் பேசப்படாமைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பேசப்படாமையாலேயே அதனைக் கொண்டுள்ளவரின் நிலை இங்கு மேலும் கடினமாகின்றது.

இதில் வெளியில் உண்போர் விளங்கிக்கொள்ள வேண்டியது அளவு பற்றியதாகும். நாளொன்றுக்குச் சுமார் 10 மில்லிகிராம் குளூட்டனுக்கு மேற்படாதிருப்பதே பெரும்பாலான நோயாளருக்குப் பாதுகாப்பானதென்று கொள்ளப்படுகின்றது. ஒரு துண்டுப் பாணில் ஏறத்தாழ இரண்டு கிராம் குளூட்டன் உண்டு. அதாவது, அத்துண்டின் இருநூறில் ஒரு பங்கே எல்லையாகும். பொதி செய்யப்பட்ட உணவில் "குளூட்டன் அற்றது" என்று குறிப்பிடுவதற்கான சர்வதேச வரம்பு, கிலோகிராம் ஒன்றுக்கு 20 மில்லிகிராம் ஆகும். சமைப்பதாலோ பொரிப்பதாலோ இப்புரதம் அழிந்துவிடுவதில்லை. "நன்றாக வெந்துவிட்டது, ஒன்றும் செய்யாது" என்ற எமது வழமையான ஆறுதல் இங்கு பயன்படாது.

இலங்கையில் இந்த எல்லையைக் காப்பது ஏன் கடினம் என்பதை அறிய, கோதுமை மா எமது அடுக்களைக்குள் நுழைந்த கதையைச் சற்று நினைவுகூர வேண்டும். இந்நாட்டில் கோதுமை விளைவதில்லை. கப்பலில் வந்த மாவே முதலில் பாணாகவும் பின்னர் ரொட்டியாகவும் பரவியது. அமெரிக்க உணவு உதவித் திட்டத்தின் கீழ் வந்த மாவை முதியவர்கள் "அமெரிக்கன் மா" என்றே அழைத்தனர். 1980 ஆம் ஆண்டில் திருகோணமலையில் பிறீமா மா ஆலை இயங்கத் தொடங்கியதன் பின்னர் கோதுமை தானியமாக இறக்கப்பட்டு இங்கேயே அரைக்கப்படலாயிற்று. மலையகத் தோட்டங்களில் ரொட்டி அன்றாட உணவானது. வடக்கிலும் கிழக்கிலும் இதனைவிட நுட்பமான ஒரு மாற்றம் நிகழ்ந்தது. கோதுமை மாவை அவித்து, அரித்து எடுத்தால் அது இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் இசைந்து கொடுப்பதை எமது பெண்கள் கண்டுகொண்டனர். அரிசியை ஊறவைத்து, இடித்து, வறுக்கும் வேலை மிச்சமாயிற்று. கைக்கு மெதுமையான, உடையாத இடியப்பமும் கிடைத்தது.

இதன் விளைவாக, இன்று பெயரால் அரிசி உணவாகவும் உள்ளடக்கத்தால் கோதுமை உணவாகவும் இருப்பவை எமது சாப்பாட்டுக் கடைகளில் ஏராளம். வெள்ளை இடியப்பம் முற்றிலும் அவித்த கோதுமை மாவாக இருக்கக்கூடும். சிவப்பு இடியப்பம் அரிசி மா என்று நம்புவோர் பலர். ஆனால் சிவப்பரிசி மாவுடன் கோதுமை மாவைக் கலந்தாலும் நிறம் சிவப்பாகவே இருக்கும். பிட்டும் அவ்வாறே. குரக்கன் பிட்டு, குரக்கன் ரொட்டி என்று நீரிழிவு நோயாளர் விரும்பி வாங்குபவற்றிலும் மா பிடிபடுவதற்காகக் கோதுமை சேர்ப்பதுண்டு. அப்பத்தின் மாக்கலவையில் சில கடைகள் கோதுமை மாவைச் சேர்க்கின்றன. தோசையைப் பொறுத்தவரை விடயம் இன்னும் சுவையானது. தமிழ்நாட்டில் சாதாரண தோசை அரிசியும் உளுந்தும் கலந்தது. யாழ்ப்பாணத்துத் தோசையிலோ உழுந்துடன் கோதுமை மா சேர்ப்பது பல வீடுகளின் வழக்கமாகும். சென்னையில் தோசையை நம்பிக்கையோடு உண்டவர், யாழ்ப்பாணத்தில் அதே நம்பிக்கையோடு உண்ண முடியாது. மோதகம், கொழுக்கட்டை ஆகியவற்றின் மேல்மாவும் இந்த ஐயத்துக்கு உரியதே.

இக்கலவை நிலையானதுமன்று. அரிசி மாவின் விலையும் கோதுமை மாவின் விலையும் ஏறி இறங்கும்போது கடைக்காரரின் விகிதமும் மாறுகின்றது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது கோதுமை மாவின் விலை பன்மடங்காக உயர்ந்தமை நினைவிருக்கலாம். ஆகவே சென்ற வருடம் ஒரு கடையில் கேட்டறிந்த பதிலை இவ்வருடமும் அப்படியே நம்புவது ஆபத்தானது.

மறைவான இடங்கள் வேறும் உண்டு. சோயா சோஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்தே தயாரிக்கப்படுவதால், ஃப்றைட் றைஸ் என்பது சோறாக இருந்தபோதிலும் பாதுகாப்பானதன்று. கடைகளில் விற்கப்படும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மா கலந்திருப்பது வழமை என்பதால், சாம்பாரும் ரசமும்கூடச் சந்தேகத்துக்குரியவையாகின்றன. மோல்ட் கலந்த பானங்கள் பார்லியிலிருந்து வருபவை. ரோல்ஸ் பொரித்த எண்ணெயில் உழுந்து வடையும் பொரிகின்றது. கொத்து ரொட்டி கொத்திய அதே இரும்புக் கல்லில் முட்டை பொரிக்கப்படுகின்றது. கொத்துக் கல்லின் ஓசையே எமது நகரங்களின் மாலை நேர இசை என்று மகிழ்பவர்கள், அக்கல்லைச் சுற்றிப் பறக்கும் ரொட்டித் துணுக்குகளையும் ஒருமுறை கவனிக்கலாம்.

அவ்வாறாயின் பயணத்தில் எதை உண்பது? வெறும் சோறு, பருப்பு, தேங்காய்ப்பால் விட்ட மரக்கறிகள், மீன் குழம்பு, சம்பல் என்பவை எமது நாட்டில் ஒப்பீட்டளவில் நம்பத்தக்கவை. பகலுணவு வேளையில் சோற்றுக் கடையை நாடுவதும், காலையிலும் இரவிலும் மாவுணவுக் கடைகளைத் தவிர்ப்பதும் நல்ல வழியாகும். ஒடியல் மாவில் காய்ச்சிய கூழ், அவித்த மரவள்ளி, கடலை, வாழைப்பழம், வட்டிலப்பம் முதலியனவும் இயல்பிலேயே கோதுமையற்றவை. கூழைத் தடிக்கச் செய்வதற்கு வேறு மா சேர்த்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேட்பதிலும் ஒரு முறை உண்டு. "குளூட்டன் இருக்கின்றதா?" என்றால் பரிமாறுபவருக்கு விளங்காது. விளங்காதவர் மரியாதைக்காக "இல்லை" என்பார். "இது அரிசி மாவா?" என்றால் "ஓம்" என்பார். அரிசி மாவும் இருக்கின்றதுதானே. "இதில் கோதுமை மா கொஞ்சமாவது கலந்திருக்கின்றதா?" என்பதே சரியான கேள்வி. அதனைப் பரிமாறுபவரிடமன்றி மாக் குழைப்பவரிடம் கேட்பது மேலும் நல்லது. தென்பகுதிக் கடைகளில் "பாண் பிட்டி தாலா தியெனவத?" என்று சிங்களத்திற் கேட்டால் உடனே விளங்கும். தமிழ்நாட்டுக்கு யாத்திரை செல்பவர்கள் மைதா, ரவை, ஆட்டா ஆகிய மூன்று சொற்களையும் சொல்லிக் கேட்க வேண்டும். அங்கே ரவையைக் கோதுமையென்று எண்ணாதவர்கள் பலர். உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் செல்வோர் கோதுமைக்கு "கம்ஹ்" என்றும் பார்லிக்கு "ஷயீர்" என்றும் அரபியிற் கூறப்படுவதை அறிந்து செல்வது உதவும்.

இவ்வாறு துருவித் துருவிக் கேட்பது நாகரிகமற்றது என்று எம்மிற் பலர் கூச்சப்படுகின்றனர். இக்கூச்சம் எமக்குப் பொருத்தமானதாகத் தெரியவில்லை. விரத நாளில் வெளியில் உண்ணும் சைவர், மச்சம் சமைத்த சட்டியா என்று கேட்கத் தயங்குவதில்லை. முஸ்லிம் சகோதரர்கள் எந்த ஊருக்குச் சென்றாலும் ஹலால் உணவா என்று விசாரித்த பின்னரே கை நனைக்கின்றனர். எந்தப் பாத்திரம், எந்த எண்ணெய், எந்தக் கரண்டி என்பதெல்லாம் எமது சமையற்காரர்களுக்குப் புதிய கேள்விகளல்ல. தனிச் சட்டி வைக்கத் தெரிந்த சமையலறை, தனி மா வைக்கவும் கற்றுக்கொள்ளும்.

விருந்துகளில் நிலைமை சற்றுச் சிக்கலானது. முஸ்லிம் வீட்டுத் திருமணங்களில் ஒரே சஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்பது உறவின் அடையாளம். புரியாணி அரிசிதான் என்றாலும், ஒருவர் கையிலுள்ள ரொட்டித் துண்டு அத்தட்டிலேயே படுகின்றது. இந்நோயுள்ளவர் முன்கூட்டியே வீட்டாரிடம் கூறித் தனித் தட்டிற் பெறுவதைத் தவறாக எடுத்துக்கொள்ளலாகாது. நோன்புக் கஞ்சி அரிசியாலானது. அதனுடன் வரும் சமோசாவும் ரோல்ஸும் அல்ல. கோயிலில் சர்க்கரைப் பொங்கலை ஏற்கலாம், கேசரி ரவையாலானது. கத்தோலிக்கரின் நற்கருணை அப்பம் கோதுமையாலேயே ஆகவேண்டும் என்பது திருச்சபையின் விதி. குளூட்டன் முற்றாக நீக்கப்பட்ட அப்பம் செல்லுபடியாகாது என்றும், மிகக் குறைந்த அளவு கொண்டதைப் பயன்படுத்தலாம் என்றும் வத்திக்கான் 2017 ஆம் ஆண்டில் மீண்டும் அறிவுறுத்தியது. ஆகவே பங்குத் தந்தையிடம் முன்னரே பேசிக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டுப் பயணம் இதனைவிட இலகுவானது என்றால் வியப்பாக இருக்கலாம். விமான சேவைகள் பலவற்றில் ஜீ.எஃப்.எம்.எல். என்ற குறியீட்டின் கீழ் குளூட்டனற்ற உணவை முன்பதிவு செய்யலாம். பயணத்துக்குக் குறைந்தது ஓரிரு நாட்களுக்கு முன்னர் அறிவிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2014 டிசம்பர் முதல், சமைத்துப் பரிமாறும் உணவகங்களும் தமது உணவில் குளூட்டன் தானியம் உட்பட 14 ஒவ்வாமைப் பொருட்கள் உள்ளனவா என்று தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளன. பாணும் பாஸ்தாவுமே உணவான இத்தாலி 2005 ஆம் ஆண்டிலேயே இந்நோயாளருக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. அங்கு பாடசாலை, வைத்தியசாலை உணவுச்சாலைகளில் கேட்போருக்குக் குளூட்டனற்ற உணவு வழங்கப்பட வேண்டும். பலெர்மோ நகரில் வாழும் எமது மக்கள் இதனை நேரில் அறிவர். கோதுமையை உயிராகக் கருதும் நாட்டில் கோதுமையின்றி உண்ண முடிகின்றது. அரிசியை உயிராகக் கருதும் எமது நாட்டில் அது கடினமாக இருக்கின்றது.

இவ்விடத்தில் ஒரு எச்சரிக்கையும் அவசியம். உடல் மெலிவதற்காகவும் நாகரிகத்துக்காகவும் கோதுமையைத் தவிர்ப்போர் இப்பொழுது பெருகியுள்ளனர். அது அவரவர் விருப்பம். ஆனால் நோய் இருக்கலாம் என்று சந்தேகிப்பவர் பரிசோதனைக்கு முன்னர் கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்திவிட்டால் குருதிப் பரிசோதனையும் சிறுகுடல் இழையப் பரிசோதனையும் நோயைக் காட்டாமற் போகக்கூடும். மேலும், விருப்பத்துக்காகத் தவிர்ப்பவர் "கொஞ்சம் கலந்தாற் பரவாயில்லை" என்று கடைக்காரரிடம் கூறிச் சென்றால், அடுத்து வரும் உண்மையான நோயாளியின் சொல்லையும் அவர் அவ்வாறே எடுத்துக்கொள்வார்.

எமது உணவக உரிமையாளர்களிடம் நாம் கேட்பது பெரிய செலவுள்ள ஒன்றல்ல. இடியப்பமும் பிட்டும் விற்கும் இடத்தில் "தனி அரிசி மா", "கோதுமை கலந்தது" என்று இரண்டு அட்டைகளை எழுதி வைத்தாற் போதும். கலந்து விற்பது குற்றமன்று. தனி அரிசி மாவில் அவிப்பவர்கள் அதனைக் காலையில், கோதுமை மா மூட்டையை அவிழ்ப்பதற்கு முன்னர், வேறு உரலிற் பிழிந்து வைத்தால், விடுமுறைக்கு வந்த அந்தப் பிள்ளையும் அம்மம்மாவின் சொதியோடு அதனை உண்ணலாம்.