மழை வந்தால்தான் மீனுக்குக் கல்யாணம்!

ஊசி போட்டு முட்டையிட வைத்த விஞ்ஞானி

பெரும்பாறை,

கொடைக்கானல் கீழ்மலையில் உள்ளது பெரும்பாறை. இங்கே காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்.

செடியில் மொட்டு கட்டி நிற்கும். ஆனால் பூக்காது. கோடை மழை ஒன்று விழ வேண்டும். விழுந்த எட்டு, பத்து நாளில் தோட்டமே வெள்ளை வெளேர் என்று ஆகிவிடும். மழை ஏமாற்றினால் மோட்டார் போட்டுத் தண்ணீரைத் தூவுவார்கள். செடியும் "மழைதான்" என்று நம்பிப் பூத்துவிடும்!

மீன்களும் இப்படித்தான்.

வயிறு நிறைய முட்டை

ரோகு, கட்லா, மிருகால் மீன்கள் குளத்தில் கொழுகொழு என்று வளரும். வயிறு நிறைய முட்டை இருக்கும். ஆனால் போடாது. ஏன்?

அவை ஆற்று மீன்கள். மழைக்காலத்தில் புதுவெள்ளம் வர வேண்டும். தண்ணீர் குளிர வேண்டும். அப்போதுதான் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி முழு வேகத்தில் வேலை செய்யும். அதன் ஹார்மோன் ரத்தத்தில் கலந்த பிறகே முட்டை வெளியே வரும். வெள்ளம் வராவிட்டால் முட்டை உடம்பிலேயே கரைந்துவிடும்.

அதனால் மீன் வளர்ப்போர் ஆற்றில் வலை போட்டுக் குஞ்சு பிடித்தார்கள். நல்ல குஞ்சோடு, அதைத் தின்கிற குஞ்சும் சேர்ந்து வந்தது. போட்ட பணம் போச்சு!

1957-ல் வெற்றி

இதற்கு வழி கண்டவர் விஞ்ஞானி ஹீராலால் சௌத்ரி. ஒரு மீனின் பிட்யூட்டரி சுரப்பியை எடுத்தார். அரைத்துக் கரைத்து, வேறு மீனுக்கு ஊசி போட்டார். 1957 ஜூலை 10-ந்தேதி ஒடிசா மாநிலம் அங்குலில் அது பலித்தது. வெள்ளம் இல்லாமலே முட்டை வந்தது!

அந்த நாள்தான் இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினம்.

தொட்டிக்குள் மழை

வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்திருப்பவர்கள் வேறு தந்திரம் செய்கிறார்கள். சில வாரம் தண்ணீரைக் குறைத்து வைப்பார்கள். அது "கோடை". பிறகு குளிர்ந்த புதுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பார்கள். அது "மழை". சின்னக் கெண்டை வகைகள் சில இதற்கே மசிந்துவிடும்.

எல்லா மீனும் மசியாது. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் வாழும் "மிஸ் கேரளா" என்ற அழகு மீனைத் தொட்டிக்காகப் பிடித்துப் பிடித்தே அருக வைத்துவிட்டார்கள். கேரள விஞ்ஞானிகள் அதற்கும் ஹார்மோன் ஊசி போட்டுக் குஞ்சு எடுத்தார்கள். தொட்டியில் பிறக்கும் மீனை வாங்கினால் ஓடை மீன் பிழைக்கும்.

மலை ஓடையில் ஊசி போட ஆள் இல்லை. அங்கே மழைதான் வர வேண்டும். வந்த தண்ணீர் ஓடுவதற்கு வழியும் இருக்க வேண்டும்.